இருபத்தேழு புள்ளிகளும் ஒரு டில்லிபாபுவும்

நான் ஆடியதிலேயே மிகச் சிறந்த மேட்ச் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஒரகடத்தில் நடந்த, தொழிற்சாலைகளுக்கு இடையிலான பெண்கள் பேஸ்கட்பால் இறுதிப் போட்டி. அதில் நான் மட்டும் இருபத்தேழு புள்ளிகள் எடுத்தேன். அதற்கு வீடியோ ஆதாரமும் இருக்கிறது. ஒரே ஒரு குறை, அந்த வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தாலும் நான் போட்ட ஒரு பந்துகூட வளையத்துக்குள் விழாது. (நம்பாதவர்கள் மண்ணூருக்கு வரலாம். அம்மா டிவியில் போட்டுக் காட்டுவாள். காபியும் கிடைக்கும்.)

என் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். ஜாதகத்தின் பின்பக்கத்தில் அம்மா எழுதிவைத்திருந்தது ஐந்தடி ஆறு. மீதி ஐந்து அங்குலத்தை மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி. இந்த உயரத்துக்காகத்தான் தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரி என்னைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டது. சேர்ந்த அன்று எனக்கு பேஸ்கட்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. வளையத்துக்குக் கீழே போய் நின்றேன். மற்றவர்கள் எகிறி எடுத்த பந்தை நான் கையை நீட்டி எடுத்தேன். அதையே திறமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

கல்லூரி முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. (பெயர் வேண்டாம். கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற இடம்.) காலை ஷிப்ட் முழுக்க கைப்பிடிகளை இழுத்து இழுத்துச் சோதிக்க வேண்டும். மாலையில் கம்பெனி அணிக்குப் பயிற்சி. மூன்று வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். இந்த வருடப் போட்டியோடு பெண்கள் அணி கலைக்கப்படுகிறது, எல்லோரும் முழுநேரமும் லைனில் வேலை பார்க்கலாம் என்று அதில் இருந்தது. கைப்பிடி மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டே நிற்க எனக்கு மனமில்லை.

வெளிநாடுகளில் சின்னச் சின்ன லீக்குகள் இருக்கின்றன, வெளியூர் ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள் என்று கல்லூரி கோச் சொல்லியிருந்தார். நாற்பது கிளப்களுக்கு மெயில் எழுதினேன். முப்பத்தொன்பது கிளப்கள் என்னை மதிக்கவில்லை. செர்பியாவில் ஒரு சிறிய ஊரிலிருந்து மட்டும் பதில் வந்தது. (ஊர்ப் பெயரை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.) எழுதியவர் மிலிட்சா என்ற பெண் கோச். மூன்றே வரி. உயரம் சரியாக இருக்கிறது, நீ ஆடுவதை நான் பார்க்க வேண்டும், ஞாயிறு இரவுக்குள் வீடியோ அனுப்பு.

என்னிடம் வீடியோ இல்லை. இருந்ததெல்லாம் என் அணித்தோழி பேச்சியம்மாள் போனில் எடுத்த துண்டுகள். தென்காசிப் பக்கத்துப் பெண் அவள், படப்பையில் ஹாஸ்டலில் இருந்தாள். பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் கெட்டிக்காரி. படம் எடுப்பதில் அவள் கட்டைவிரல்தான் கதாநாயகி. மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு, சனிக்கிழமை நடக்கவிருந்த இறுதிப் போட்டி.

அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு ஒப்பந்தம் போட்டாள். "சரி, இந்த ஒரு தபா பாத்துக்க. அவுங்க வேணாம்னுட்டா தையில மாப்ள பாக்க ஆரமிச்சுடுவேன். அப்ப மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு நிக்கக் கூடாது."

அணியும் போய், கிளப்பும் வேண்டாம் என்றுவிட்டால், மறுப்பதற்கு எனக்கு என்ன காரணம் இருக்கப்போகிறது. சரி என்று தலையாட்டினேன். ஆக, தொழில், கல்யாணம், கைப்பிடி எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வீடியோவில் வந்து நின்றது.

வீடியோவுக்கு ஆள் பிடித்தவர் அப்பா. தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸுக்கு அவர் டிரைவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. "நீ ஏன் பாப்பா கவலப்படற. நம்ம டில்லிபாபு கீறான். உங்க பெரிம்மா பொண்ணு கல்யாணத்த எடுத்தான் பாரு, இன்னா மாதிரி எடுத்தான்" என்றார்.

கல்யாண வீடியோக்காரர் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கேமரா கேமராதானே, எங்கே திருப்பினாலும் படம் விழும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேட்ச். இரண்டரை மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அப்பா. கதவைத் திறந்ததும் அதிலிருந்து இருபத்திரண்டு சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். பெண்கள் அத்தனை பேரும் பட்டுப்புடவை. அம்மா பச்சைப் பட்டு, பெரியம்மா அரக்குப் பட்டு, தலையில் முழம் முழமாகக் கனகாம்பரம். அதற்கு முந்தைய ஏழு வருடங்களில் என் மேட்ச் பார்க்க வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை. ஆனால் வீடியோ எடுக்கிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அது விசேஷம். விசேஷத்துக்குப் போகாவிட்டால் பகை.

பெரியம்மா கையில் ஒரு தட்டு இருந்தது. வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய்.

"இது எதுக்கு பெரிம்மா?"

"வெறுங்கையோட எப்டிம்மா வர்றது" என்றாள். அந்தத் தட்டு மேட்ச் முடியும்வரை ஸ்கோர் எழுதுகிற மேஜை மேல் இருந்தது. ஸ்கோர் எழுதியவர் இரண்டாவது பாதியில் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

அடுத்து டில்லிபாபு வந்தார். நாற்பது வயது, பாக்கெட் நிறைய பேட்டரி, தோளில் பெரிய கேமரா, கூடவே கல்யாண மண்டபத்தில் கண்ணைக் கூச வைக்கிற அந்த வெள்ளை விளக்கு. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு எங்க?"

என்னைக் காட்டினார்கள். அண்ணாந்து பார்த்தார். தொழிலில் இருபது வருட அனுபவம் இருந்தாலும் இவ்வளவு உயரத்தில் பொண்ணைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி அதன்மேல் ஏறினார். பந்தைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். "ரெண்டே வெரல்ல தாங்கற மாதிரி புடிம்மா. அப்டியே தரைய பாரு. இப்போ மெதுவா நிமிந்து என்னப் பாரு. சிரி." எதிரணி மொத்தமும் பயிற்சியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. நான் நிமிர்ந்து சிரித்தேன். (செர்பியாவுக்காக இதையும் செய்யலாம் என்று தோன்றிவிட்டது.)

மேட்ச் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, போட்டதெல்லாம் விழுந்தது. முதல் பந்தைப் போட்டதும் இருபத்திரண்டு பேரும் எழுந்து கத்தினார்கள். மைதானத்தில் எனக்காக அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. உண்மையைச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம் வேறு.

இரண்டாவது குவார்ட்டரில் பேச்சி என் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொன்னாள். "ஏட்டி, அந்த ஆளு கேமராவ ஒங்க பெரியம்மா பக்கம்லா திருப்பி வச்சிருக்கான்."

"சும்மா டெஸ்ட் பண்ணுவாரு. நீ பந்தக் குடு."

இடைவேளையில் நேரே அவரிடம் போய்க் கேட்டேன். "அண்ணே, நல்லா வருதா?"

"எல்லாம் கவர் ஆவுது பாப்பா. நீ உன் வேலய பாரு, நான் என் வேலய பாக்கறேன்" என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் எச்சரிக்கை தர முடியாது. நான் அதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது குவார்ட்டரில் தூரத்திலிருந்து ஒரு பந்து போட்டேன். மூன்று புள்ளி. எதிரணி உடனே டைம்-அவுட் கேட்டது. நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது டில்லிபாபு கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்து வந்தார்.

"பாப்பா, அந்த கடைசி பந்த இன்னொரு தபா போடு."

"எதுக்குண்ணே?"

"பெரிம்மா கண்ண மூடிக்கினாங்க."

நடுவர் விசிலோடு ஓடி வந்தார். "யாருங்க நீங்க? உள்ள வரக் கூடாது."

டில்லிபாபு கொஞ்சமும் அசராமல் சொன்னார். "நான் பொண்ணு வூட்டு சைடுங்க."

நடுவருக்கு இதற்கு விதிப்புத்தகத்தில் பதில் கிடைக்கவில்லை. டில்லிபாபுவின் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்.

கடைசி நிமிடம். இரண்டு அணிக்கும் சமமான புள்ளி. வளையத்துக்கு அடியில் என்னைத் தள்ளிவிட்டார்கள், ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் குறுக்கே வராமல் கோட்டில் நின்று வளையத்துக்குள் போட இரண்டு வாய்ப்பு. மைதானமே அடங்கிவிட்டது. நான் மூச்சை இழுத்து, பந்தைத் தூக்கி, வளையத்தைப் பார்த்தேன். சரியாக அந்த நொடியில் டில்லிபாபு என் கண்ணுக்கு நேரே விளக்கைப் போட்டார். தாலி கட்டும் நேரத்துக்குப் போடுகிற விளக்கு அது. வளையம் மறைந்தது, பலகை மறைந்தது, ஒரகடமே மறைந்தது. வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. குத்துமதிப்பாக ஒரு திசையில் போட்டேன். விழுந்ததா என்று எனக்கே தெரியாததால் அப்படியே அசையாமல் நின்று சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கூட்டம் "ச்சே" என்றது. அப்போதுதான் விழவில்லை என்று தெரிந்தது.

கூட்டம் கத்திக்கொண்டிருக்க, இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். (திறந்திருந்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது.) விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அம்மா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், அவளுக்கு எட்டியது அதுதான். மறுநாள் மதியத்துக்குள் பென் டிரைவில் தருகிறேன் என்று டில்லிபாபு சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு என்றும் பார்க்காமல் எனக்கு ஓவர்டைம், அதாவது ஓ.டி., போட்டுவிட்டார்கள். கோப்பையை வாங்கித் தந்தவள் என்ற இரக்கமெல்லாம் சூப்பர்வைசருக்குக் கிடையாது. மதியம் டில்லிபாபு போன் செய்தார்.

"பாப்பா, நீ அலையாத. அந்த மெயில் அட்ரஸ உங்கப்பா குடுத்தாரு. நானே லிங்க் அனுப்பிட்டேன். வெளிநாட்டு பார்ட்டின்னா நாங்களே அனுப்பிடறதுதான். உனக்கும் ஒன்னு போட்டுகீறேன், பாத்துக்க."

எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நெகிழ்ந்து போனேன். நாலு முறை நன்றி சொன்னேன். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பேச்சியை வைத்துக்கொண்டு லிங்கைத் திறந்தேன்.

முதலில் பிள்ளையார் வந்தார். பிறகு ஒரு சூரியோதயம். நாதஸ்வரம். திரையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ரோஜாப்பூக்கள் உருண்டு வந்து நடுவில் ஒரு இதயமாகக் கூடின. இதயத்துக்கு இடப்பக்கம் 'சங்கீதா' என்று என் பெயர். வலப்பக்கம் காலியாக விட முடியாது போலிருக்கிறது, 'பேஸ்கட்பால்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அப்பா அம்மா பெயர், பெரியப்பா பெரியம்மா பெயர், மற்றும் உற்றார் உறவினர்.

"ஏளா, பத்திரிகை அடிச்சாச்சா?" என்றாள் பேச்சி.

நான் ஷூ கயிறு கட்டுகிறேன். மெதுவாக, மிக மெதுவாக, மேலிருந்து பூவிதழ்கள் கொட்ட, ஒரு நிமிடம் கட்டுகிறேன். பந்தைக் கன்னத்தில் வைத்துத் தரையைப் பார்க்கிறேன். நிமிர்கிறேன், சிரிக்கிறேன். மேட்ச் தொடங்குகிறது. கேமரா என்னோடேயே வருகிறது. பேச்சி பந்தைத் தருகிறாள், நான் திரும்புகிறேன், எம்புகிறேன், பந்து என் கையை விட்டுக் கிளம்புகிறது. அந்த நொடியில் கேமரா சட்டென்று திரும்பி சொந்தக்காரர்களைக் காட்டுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். மாமா விசிலடிக்கிறார். சித்தி குழந்தையின் மூக்கைத் துடைக்கிறாள். மறுபடி கேமரா என்னிடம் வரும்போது நான் எங்கள் பக்கம் ஓடிவந்து கையை விரித்துத் தடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு தடவை அல்ல, எல்லாத் தடவையும் இப்படித்தான். நான் எம்புவேன், அம்மா கைதட்டுவாள். நடுவில் பந்து என்ன ஆனது என்பது பார்ப்பவர் ஊகத்துக்கு. கேன்டீனில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்ததை நான்கு நிமிடம் எடுத்திருந்தார், யார் யார் எத்தனை துண்டு சாப்பிட்டார்கள் என்று எண்ணிவிடலாம். இருபத்தேழு புள்ளியில் ஒன்றுகூட இல்லை. நான் தவறவிட்ட அந்த ஒரே ஃப்ரீ த்ரோ மட்டும் முழுசாக இருந்தது. கிளம்பியது, பலகையில் பட்டது, வெளியே போனது, எல்லாம் துல்லியம். அது விசேஷக் காட்சி என்று நினைத்து மூன்று முறை வேறு காட்டியிருந்தார்.

கடைசியில் அவர் அனுப்பிய மெயிலையும் பார்த்தேன். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கென்று தயாராக வைத்திருக்கும் வாசகம். தாங்கள் நேரில் வர இயலாமல் போன குறையை இந்தக் காணொளி தீர்த்துவைக்கும், கண்டுகளித்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறோம் என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. பேச்சி சிரித்துச் சிரித்து முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

படப்பையில் இறங்கி நேரே டில்லிபாபுவின் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒரு வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் கோபத்தைப் பார்த்து அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"பந்து எங்கண்ணே? நான் போட்ட பந்து ஒன்னாவது எங்க?"

"பாப்பா, தாலி கட்டற டைம்ல எல்லாரும் தாலியத்தான் பாக்கறாங்க. அப்புறம் வூட்டுக்குப் போய் வீடியோல இன்னா தேடறாங்க? அவுங்க மூஞ்சிய. ஒரு ஆளு வுட்டுப்போச்சுன்னா அந்த வூட்ல பத்து வருசம் சண்ட. சவுண்டு எழும்புச்சுன்னா கூட்டத்த புடிக்கணும், அதான் என் வேல."

"அப்ப தாலிய யாரு எடுப்பாங்க?"

"அதுக்கு தனி கேமரா கீது. என் மச்சான் புடிப்பான். நேத்து அவனுக்கு ஓ.டி."

அவர் மச்சான் மாம்பாக்கத்தில் ஏதோ தொழிற்சாலையில் வேலையாம். ஓ.டி. இல்லாத நாளில்தான் தாலி எடுப்பாராம். சத்தம் எழும்பினால் கூட்டம் என்ற விதிப்படி, சத்தம் எழும்பாத அந்த ஃப்ரீ த்ரோவில் மட்டும் இவர் கேமராவைத் திருப்பவில்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. இதை எப்படித் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்றைய வரவேற்புக்காக கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டாராம்.

"அடுத்த தபா யாரையாவது எடுக்கும்போது கூட்டத்தப் பாக்காதீங்கண்ணே. பொண்ண மட்டும் பாருங்க. பொண்ண வுட்டுக் கேமராவ எடுக்கவே எடுக்காதீங்க" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் அதை மனதில் குறித்துக்கொள்வார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றிரவு மிலிட்சாவுக்கு ஒரு மன்னிப்பு மெயில் எழுத உட்கார்ந்து, எதற்கென்று மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். திங்கள்கிழமை பதில் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை காலை அம்மாவிடம் போய், "ஆரமிச்சுக்கம்மா" என்றேன். ஜெயித்த முகமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, "இரு, இன்னும் ரெண்டு நாளு போவட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. வெளிநாட்டு எண், வீடியோ அழைப்பு. கேன்டீனுக்குப் பின்னால் தெர்மாகோல் குப்பை குவிந்திருக்கும் இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். தொப்பியும் கையுறையுமாக அங்கே ஓடினேன். திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. கடுகடுத்த முகம். பேசிய ஆங்கிலம் இரண்டு பேருக்குமே இரவல் என்பதால் எனக்கு நன்றாகப் புரிந்தது.

"வீடியோ பார்த்தேன்" என்றார். "இரண்டு முறை."

"மேடம், அது வந்து..."

"நான் பேசி முடிக்கிறேன். எனக்கு நிறையப் பேர் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பந்து உள்ளே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே போன பந்தை மட்டும் வெட்டி ஒட்டினால் என் சமையல்காரியும் பெரிய ஆட்டக்காரிதான். ஒரு பெண் பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறாள் என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. நீ காட்டியிருக்கிறாய். பந்து இல்லாமல் எப்படி ஓடுகிறாய், தோழிக்கு எப்படி வழி விடுகிறாய் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும், அந்த ஜனங்கள் கைதட்டி முடிப்பதற்குள் நீ தடுப்பதற்குத் திரும்பி வந்துவிடுகிறாய். இது புத்திசாலித்தனமான வீடியோ. யார் எடுத்தது?"

"எங்கள்... கேமரா நிபுணர் ஒருவர்" என்றேன்.

"அந்த ஃப்ரீ த்ரோவை மூன்று முறை வைத்திருக்கிறார். கடைசி நிமிடம், சமமான புள்ளி, பந்து தவறிவிட்டது. உன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. சிலை மாதிரி நிற்கிறாய். எனக்கு அந்த நிதானம்தான் வேண்டும்."

கண் தெரியாமல் நின்றேன் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை வரும் என்றார். வைக்கப்போன போனை மறுபடி முகத்தருகே கொண்டுவந்து ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பச்சை உடை அணிந்த பெண் யார்?"

"என் அம்மா."

"எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் பந்து போன பக்கமே பார்க்கவில்லை. அவர் கண் உன்னோடு மேலே போய் உன்னோடு கீழே இறங்குகிறது, உன் இரண்டு காலும் தரையில் நின்ற பிறகுதான் கைதட்டுகிறார். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. போனை வைத்ததும் தெர்மாகோல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் அப்படியே இறங்கிப்போனது. அப்பாடா என்ற வார்த்தைக்கு முழு அர்த்தம் எனக்கு அந்தக் குப்பைமேட்டில்தான் தெரிந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து சங்கு ஊதியபோது முதுகெல்லாம் வெள்ளைத் துணுக்குகளோடு லைனுக்குத் திரும்பினேன். ஆனால் அதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு கேட்டாள். "ஏண்டி, அந்தம்மா முழுசா பாத்துச்சா? நான் அதுல நல்லா கீறேனா?"

செர்பியாவில் இரண்டு சீசன் ஆடினேன். பிறகு ஹங்கேரி, இப்போது தாய்லாந்து. செர்பியாவில் முதல் நாளே மிலிட்சா அணியின் பஸ்ஸில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டார். பந்து இல்லாதபோது எப்படி ஓடுவது என்பதற்குப் பாடமாம். பாடம் யாருக்கும் ஏறவில்லை. அந்த வருட அணிப் புகைப்படத்தில் பன்னிரண்டு பெண்களும் பந்தைக் கன்னத்தில் வைத்து, இரண்டு விரலால் தாங்கி, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படம் அந்த கிளப்பின் சுவரில் இன்னும் தொங்குகிறது.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சுங்குவார்சத்திரத்துக்காரர், என்னைவிட இரண்டு அங்குலம் குறைவு, அதைப் பற்றிக் கவலைப்படாதவர். வீடியோ எடுத்தவர் யார் என்று சொல்லவே தேவையில்லை. வேறு யாரையும் அழைக்க அம்மா சம்மதிக்கவில்லை. டில்லிபாபு மிகுந்த சிரத்தையோடு வந்தார். முகூர்த்தம் முடிந்ததும் என் காதருகே வந்து, "நீ அன்னிக்கு சொன்னத நான் மறக்கல பாப்பா. கூட்டத்து பக்கமே திரும்பல" என்றார்.

திரும்பவே இல்லை. இரண்டரை மணி நேர வீடியோவில் இரண்டரை மணி நேரமும் நான்தான் இருக்கிறேன். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் இரண்டு கைகள் மட்டும் ஓரத்திலிருந்து வந்து, வேலையை முடித்துவிட்டுப் போகின்றன. எழுநூறு பேர் வந்த கல்யாணத்தில் ஒரு சொந்தக்காரர் முகம்கூடக் கிடையாது. பெரியம்மா இன்னும் எங்கள் வீட்டோடு பேசுவதில்லை.

அதனால் அம்மா ஒரு வழி செய்திருக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்து பொண்ணு கல்யாண வீடியோ பார்க்கலாமா என்று கேட்டால், ஒரகடம் மேட்சைப் போட்டுவிடுகிறாள். பிள்ளையார் வருகிறார், நாதஸ்வரம் ஒலிக்கிறது, பூ கொட்டுகிறது, எல்லோரும் பட்டுப்புடவையில் கைதட்டுகிறார்கள், பிரியாணி சாப்பிடுகிறார்கள். வந்தவர்கள் தங்கள் முகத்தையோ தெரிந்த முகத்தையோ கண்டுபிடித்துச் சந்தோஷமாகக் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். என் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கிறார். மாப்பிள்ளை எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.